பின்னாடி ஆள் இருக்காங்க

அந்தக் கோளாறு முதலில் எல்லாரையும் வயிறு வலிக்கச் சிரிக்கத்தான் வைத்தது.

கணினியில் ஓட்டும் போர் விமான சிமுலேட்டர் அது. அதில் இருந்தவை அத்தனையும் சண்டை விமானங்கள். ஒரு ஆள், ஒரு இருக்கை, றெக்கைக்கு அடியில் ஏவுகணை. ஆள் ஏற்றிப் போகிற விமானங்களையும் அதில் சேர்த்தால் என்ன என்று மூன்று பேர் கிளம்பினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. காசு பெயராத வேலை. ஆனால் கல்யாண வேலை மாதிரி இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார்கள்.

ஒருவர் வாத்தி. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தருகிறவர். விமானம் காற்றில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற கணக்கெல்லாம் அவர் தலையில். இன்னொருவர் பெயிண்டர். கார் பட்டறையில் நிஜமாகவே பெயிண்ட் அடிக்கிறவர். விமானத்தின் நிறம், வாலில் எண், எண்ணெய்க் கறை எல்லாம் அவர். மூன்றாவது ஆளுக்கு நட்டு என்று பெயர். சக்கரத் தண்டில் இருக்கிற நட்டுகளை ஒன்று விடாமல் வரைந்து வைத்ததால் வந்த பட்டம். அசைகிற பாகங்கள், உள்ளே உட்காருகிற பொம்மை ஆட்கள், எந்தப் பொத்தானை அழுத்தினால் எது நடக்க வேண்டும் என்பதெல்லாம் நட்டுவின் பொறுப்பு.

நட்டு பதினோராம் வகுப்புப் படிக்கிற பெண் என்று மற்ற இரண்டு பேருக்கும் தெரியாது. அவள் தட்டச்சுதான் செய்வாள். மைக்கைத் திறந்ததே கிடையாது. வீட்டில் அவள் சின்னவள்.

அவர்கள் சேர்த்தது இரண்டு விமானங்கள். வயிறு பெருத்த சரக்கு விமானத்துக்கு லாரி என்று பெயர் வைத்தார்கள். இன்னொன்று சாய்சுழலி. றெக்கையின் இரண்டு நுனியிலும் பெரிய பெரிய விசிறி. விசிறிகள் வானத்தைப் பார்த்து நிமிர்ந்தால் ஹெலிகாப்டர் போல நின்ற இடத்தில் எழும்பும். முன்னால் சாய்ந்தால் விமானமாகப் பறக்கும். அதற்குத் தட்டான் என்று பெயர்.

முதல் வரியிலிருந்து எழுத யாருக்குப் பொறுமை இருக்கிறது? இருந்த ஒரு சண்டை விமானத்தின் ஃபைலைப் பிரதி எடுத்து, எடையை மாற்றி, இஞ்சினை மாற்றி, ஏவுகணையைத் தூக்கிவிட்டு வேலையை ஆரம்பித்தார்கள். எல்லாரும் செய்கிறதுதான். அந்தப் பிரதியோடு ஒட்டிக்கொண்டு ஒன்று வந்துவிட்டது. ஆபத்து என்றால் விமானியை இருக்கையோடு வெளியே தூக்கி எறிந்து பாராசூட்டில் இறக்கிவிடுமே, அந்த எஜெக்ட் இருக்கை.

நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு லாரியை ஓட்டிப் பார்த்த பெயிண்டர்தான் கைதவறி அதை அழுத்தியவர். மூடிய கூரையைப் பிய்த்துக்கொண்டு விமானி மேலே போனான். பாராசூட் விரிந்தது. கீழே லாரி ஆளில்லாமல், நாற்பது பேரோடு, தன் பாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது. அதைப் படம் பிடித்து, மூன்று பேரும் பேசிக்கொள்ளும் இணையக் குழுவில் போட்டார்.

"யோவ் வாத்தி, டிரைவர் எறங்கி ஓடிட்டான்யா!"

"டிக்கெட் எடுத்தவங்க கதி?"

"அவங்களுக்கு இன்னும் விஷயம் தெரியாது. ஒருத்தன் தூங்கிட்டு வர்றான் பாருங்க."

"தட்டான்லயும் இதே கதைதான் இருக்கும். நட்டு, இது உங்க டிபார்ட்மென்ட். ரெண்டுலயும் எடுத்து விட்டுடுங்க."

சின்னவள் அன்றைக்கே லாரியில் எடுத்துவிட்டாள். தட்டானுக்கு, 'நாளைக்கு' என்று பதில் போட்டாள்.

அந்த நாளைக்கு வரவே இல்லை. காரணம் அக்கா.

பெரியவள் நிஜத் தட்டானை ஓட்டுகிறவள். ராணுவத்தில். சின்னவள் இதைக் குழுவில் மூச்சு விட்டதில்லை. வாலில் என்ன எண் எழுதட்டும் என்று பெயிண்டர் கேட்டபோது மட்டும், அக்கா விமானத்தின் எண்ணைச் சொன்னாள். ஏன் அந்த எண் என்று அவர் கேட்கவில்லை. அழகாக, நிழலெல்லாம் வைத்து எழுதித் தந்தார்.

லாரி சமாச்சாரம் நடந்த அதே வாரம் அக்கா லீவில் வந்திருந்தாள். சின்னவளின் நாற்காலியைப் பறித்துக்கொண்டு, ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னடி இது, பொத்தானத் தட்டுனதும் கெளம்புது? எங்களுக்கு இதைக் கெளப்புறதுக்குள்ள விடிஞ்சுடும்."

"விளையாட்டுக்கா. விடியற வரைக்கும் எவன் உக்காந்திருப்பான்?"

"நாங்க உக்காந்திருக்கோமே, எங்களைப் பாத்தா உனக்கு எப்படித் தெரியுது?"

அக்கா வேண்டுமென்றே தட்டானை வேகமாகக் கீழே விட்டாள். பாதி வழியில் அது ஒரு பக்கம் சரிந்து, மல்லாந்து, தரையில் மோதியது. அக்கா மெச்சிக்கொண்டாள்.

"உங்க வாத்தி லேசுப்பட்ட ஆளில்ல. சரியா எழுதியிருக்காரு. பாத்தியா? விசிறி கீழ தள்ளுற காத்துக்குள்ள அதுவே போய் விழுந்துடும். ஒரு பக்கம் மட்டும் விழுந்தா முடிஞ்சுது. கட்டிலக் கவுக்குற மாதிரி கவுத்துடும். அதனால எறக்கும்போது அவசரமே கூடாது. ஏத்துறது எவன் வேணா ஏத்துவான். எறக்குறதுதான் வேலை."

அடுத்த தடவை மெதுவாக இறக்கினாள். இறக்கும்போது அவள் உதடு எதையோ முணுமுணுத்தது.

"மூச்ச இழுத்துப் புடிங்க... அசையாதீங்க... அப்படியே..." சக்கரம் தரையைத் தொட்டது. "விடுங்க."

சின்னவள் குபீரென்று சிரித்துவிட்டாள். அது அம்மாவின் வசனம். அம்மா ஆஸ்பத்திரியில் எக்ஸ்-ரே எடுக்கிறவள். நாள் முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பாள். வீட்டிலும் அதே பல்லவிதான். காலில் முள் எடுத்தாலும் மூச்சை இழுத்துப் பிடி, தலையில் சிக்கெடுத்தாலும் அசையாதே.

"நிஜமாவே சொல்வியாக்கா?"

"ஒவ்வொரு தடவையும். பக்கத்துல உக்காந்திருக்கவன், மேடம் மந்திரம் ஓதுறாங்கன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கான். அம்மாகிட்ட சொல்லிடாதே, ராயல்டி கேப்பா."

அப்புறம்தான் அக்காவின் விரல் எதிலோ பட்டது. கண்ணாடி சிதறியது. விமானி மேலே பறந்தான்.

"எங்கடி போறான் இவன்?"

"குதிக்கிறான்க்கா. அது சண்டை விமானத்துலேருந்து ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு. எடுக்கணும்."

அக்கா கண்ணில் தண்ணி வரச் சிரித்தாள். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, சின்னவள் ஒரு பேச்சுக்குக் கேட்டாள்.

"உங்களுது எப்படிக்கா இருக்கும்? இதே மாதிரியா?"

"எங்களுக்கு ஏதுடி? சாதா சீட்டுதான். பெல்ட்டு இருக்கும்."

"அப்ப அவசரத்துக்குக் குதிக்கணும்னா?"

"குதிக்க மாட்டோம்."

"சும்மா சொல்லுக்கா."

"பின்னாடி ஆள் இருக்காங்கல்ல? நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிட்டா, அவங்க யாரைப் போய்க் கேப்பாங்க?" கடையில் சில்லறை கொடுப்பது போல அதைச் சொல்லிவிட்டு அக்கா எழுந்தாள். "பசிக்குது. என்ன இருக்கு சாப்பிட?"

சின்னவள் நகரவில்லை. இவ்வளவு நாளும் அக்காவுக்கு ஏதோ ஒன்று இருக்கிறது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். என்ன என்று யோசித்ததில்லை. ஒரு இருக்கை, ஒரு பை, இழுத்தால் விரிகிற ஏதாவது. திரையில் அந்தப் பொம்மை விமானி பாராசூட்டில் ஆடி ஆடி இறங்கிக்கொண்டிருந்தான். பத்திரமாக.

அக்கா திரும்பிப் போன பிறகு ஃபைலைத் திறந்து பார்த்தாள். மூன்று வரி. அழித்தால் அரை நிமிட வேலை. விரல் அதன் மேல் போய் நின்றது. இறங்க மாட்டேன் என்றது. வாலில் அக்காவின் எண். முன் இருக்கையில் உட்கார்ந்திருக்கிற பொம்மை அக்கா இல்லை என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். இருந்தாலும், இந்த ஒரு தட்டானிலாவது இருக்கட்டுமே என்று மூடிவிட்டாள்.

ஃபோனில் அக்கா அதையும் கேட்டாள்.

"அந்த ஓடுகாலி டிரைவரத் தூக்கிட்டியா?"

"தூக்கிட்டேன்க்கா."

"பொய் சொன்னா ஒனக்கு மூக்கடைச்சுக்கும்டி. ஃபோன்லயே தெரியுது. எடுத்துடு. பாக்குறவன் எங்களப் பத்தி என்ன நெனைப்பான்?"

வெளியிடுகிற நாள் நெருங்க நெருங்க வாத்தியின் மரியாதை ஏறிக்கொண்டே போனது. கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடும்.

"மதிப்பிற்குரிய நட்டு அவர்களே. மூன்று வரி. தாங்கள் அழிக்கிறீர்களா அல்லது நான் விண்ணப்பம் எழுதித் தர வேண்டுமா?"

"அவருக்கு வீட்டுல ஏதாச்சும் வேலையிருக்கும், விடுங்க வாத்தி" என்றார் பெயிண்டர்.

"வீட்டுல வேலை யாருக்குத்தான் இல்ல? எனக்கு மட்டும் வீடு குகையா?"

அன்றைக்குச் சாயங்காலம், ஸ்கூல் யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல், சின்னவள் அந்த மூன்று வரியையும் அழித்தாள். கண்ணை மூடிக்கொண்டு அழித்தாள். ஏதோ விழப்போகிற மாதிரி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். ஒன்றும் விழவில்லை. அடுக்களையில் குக்கர் விசிலடித்தது. எழுந்து போய் முகம் கழுவினாள். வாத்தி, 'நன்றி, வாழ்க' என்று போட்டிருந்தார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வாசலில் பழக்கமில்லாத இரண்டு ஜோடி ஷூ. பளபளவென்று, ஒரே கோட்டில்.

உள்ளே சீருடையில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அம்மா ஆஸ்பத்திரிக் கோட்டோடு, கழுத்தில் அட்டையோடு, சுவரில் உள்ளங்கையை வைத்து நின்றிருந்தாள். யாரும் உட்காரவில்லை. ஒருத்தர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, மெல்ல, மனப்பாடம் செய்த மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். பயிற்சி. இறங்கும்போது. ஒரு பக்கம்.

அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எத்தனை பேரு?"

"முன்னாடி ரெண்டு பேர்ம்மா. பின்னாடி பன்னெண்டு பேர்."

"யாராச்சும்...?"

அவர் தொப்பியைப் பார்த்தார். சின்னவள் புத்தகப் பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. அவளுக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை. நேத்து சாயங்காலம். நேத்து சாயங்காலம்தானே எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேனே.

அதற்குப் பிறகு வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள், போனார்கள். யார் யாரோ அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று. இது முட்டாள்தனம் என்று ஒரு பக்கம் மனசு சொல்லும். ஒரு விளையாட்டு ஃபைலில் மூன்று வரியை அழித்தால் எங்கோ பறக்கிற விமானம் விழுமா? விழாது. விழாது என்று சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு பக்கம் கேட்கும். அப்புறம் ஏன் சரியா மறுநாள்?

ஒருநாள் சாப்பாட்டுத் தட்டோடு கூடத்துக்கு வந்தவள், வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். சித்தி மடியில் தலை வைத்துப் படுத்திருந்த அம்மா பேசிக்கொண்டிருந்தாள்.

"சண்டைக்குப் போறவனுக்கெல்லாம் குதிக்கச் சீட்டு வச்சிருக்கானுங்களாம். எம்புள்ளைக்கு ஒண்ணு வைக்கக் கூடாதா? ஒரே ஒரு சீட்டு. இவ்வளவு பெரிய விமானத்துல ஒரு சீட்டுக்கா இடமில்ல?"

"அழாதேக்கா."

"இருந்திருந்தா வந்திருப்பால்ல? கையக் கால ஒடிச்சுக்கிட்டாவது வந்திருப்பா. நானே படம் எடுத்துப் பாத்திருப்பேனே, எங்க ஒடஞ்சிருக்குன்னு."

சின்னவள் தட்டை அப்படியே அடுக்களைத் தொட்டியில் வைத்துவிட்டு அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

அன்று இரவு, வீடு அடங்கிய பிறகு, ஹெட்போனை மாட்டினாள். குழுவில் பெயிண்டர் மட்டும் இருந்தார். முதல் தடவையாக மைக்கைத் திறந்தாள். போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அம்மாவுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"அண்ணா. நான் நட்டு."

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுகிற சத்தம்.

"யாரு? நட்டுவா? ஏம்மா, நீ... உனக்கு என்ன வயசு?"

"பதினாறு."

"அட கடவுளே. உன்னை நான் நாப்பது வயசு ஆளுன்னுல்ல நெனச்சுட்டிருந்தேன். போன மாசம் உங்கிட்ட முட்டிவலிக்கு மருந்து கேட்டேனேம்மா."

"நான் நெட்டுல பாத்துச் சொன்னேன்."

"நல்லாத்தான் கேட்டுச்சு" என்றார். அப்புறம், அவள் மூச்சு சரியில்லை என்று தெரிந்ததோ என்னவோ, "என்னம்மா ஆச்சு?" என்றார்.

சொன்னாள். கோர்வையாக வரவில்லை. வால் எண்ணில் ஆரம்பித்து, ஷூவுக்குப் போய், திரும்பி லாரிக்கு வந்து, மூன்று வரியில் முட்டி நின்றது. "நான்தான் எடுத்தேன்" என்பதை மட்டும் மூன்று நான்கு தடவை சொன்னாள். விபத்தைப் பெயிண்டர் செய்தியில் பார்த்திருந்தார். எண்ணைக் கவனிக்கவில்லை. கடைசியில் பேசியபோது அவர் குரல் கரகரத்தது.

"எனக்குப் பெருசா ஆறுதல் சொல்லல்லாம் வராதும்மா. ஆனா ஒண்ணு. அந்த நம்பர வாலுல எழுதுனது நான். நீ எடுத்ததால விழுந்துச்சுன்னா, நான் எழுதுனதாலயும்தான் விழுந்துச்சு. அதைக் கவுத்துக் காட்டுற கணக்கப் போட்டது வாத்தி. அவரையும் சேத்துக்கோ. நாம மூணு பேரும் சேந்து பண்ணதா இது? சொல்லு."

அவள் போர்வைக்குள் மூக்கை உறிஞ்சினாள்.

"உனக்கு மனசு கேக்கலைன்னா திரும்பப் போட்டுக்கோ. உன் கம்ப்யூட்டர்ல மட்டும். எவன் வந்து கேக்கப் போறான்?" கொஞ்சம் நிறுத்தி, "வீட்டுல யார்கிட்டயாவது சொல்லும்மா. என்கிட்ட சொன்னா நான் இங்க உக்காந்து அழறதத் தவிர என்னத்தச் செய்வேன்?"

வீட்டில் சொல்கிற தைரியம் அவளுக்கு வரவில்லை. பெயிண்டர் முதலில் சொன்னதைச் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா படுத்திருந்த நேரம், மூன்று வரியையும் திரும்ப எழுதினாள். அழித்ததைவிட எழுதுவது சுலபமாக இருந்தது.

தட்டானைக் கிளப்பினாள். மேலே கொண்டுபோய் விசிறிகளை நிமிர்த்தி நிறுத்தினாள். வேண்டுமென்றே வேகமாகக் கீழே விட்டாள். விமானம் ஒரு பக்கம் சரியத் தொடங்கிய அந்த நொடியில் பொத்தானை அழுத்தினாள்.

கண்ணாடி சிதறியது. இருக்கை மேலே பறந்தது. பாராசூட் விரிந்தது. 'ஹா' என்று அவளுக்கு ஒரு சத்தம் வந்தது, சிரிப்பா அழுகையா என்று தெரியாத சத்தம்.

"யாரு குதிச்சது?"

அம்மா கதவருகே நின்றிருந்தாள். தாழ் போட மறந்திருந்தாள் சின்னவள். அவிழ்ந்த தலை, கசங்கிய புடவை. கண் திரையில்.

"யாருடி அது குதிச்சது?"

இனி மறைக்க எதுவும் இல்லை. சின்னவள் எல்லாவற்றையும் சொன்னாள், தரையைப் பார்த்தபடி. இருக்கை எப்படி வந்தது, ஏன் விட்டு வைத்தாள், எந்தச் சாயங்காலம் எடுத்தாள். "நான் எடுக்காம இருந்திருந்தா..." என்று பாதியில் விட்டாள். அடி விழும் என்று கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அம்மா அடிக்கவில்லை. கட்டில் விளிம்பில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை அமுக்கு."

"அம்மா..."

"அமுக்குடி. அவ வெளிய வர்றத நான் பாக்கணும்."

திரும்பவும் தட்டான் மேலே போனது. சரிந்தது. சின்னவள் அழுத்தினாள். பாராசூட் விரிந்ததும் அம்மாவின் கை அவள் தோளை இறுக்கிப் பிடித்தது. நகம் பதிகிற அளவுக்கு. சின்ன உருவம் ஆடி ஆடி இறங்கியது. கீழே புல்வெளி. வெயில். கால் தரையைத் தொட்டது.

உருவம் மறைந்தது. பாராசூட்டும் மறைந்தது. வெறும் புல்.

"எங்க போனா?"

"அவ்வளவுதாம்மா."

"அவ்வளவுதான்னா? எறங்கிட்டால்ல? எங்க அவ?"

"தரையத் தொட்டா ஆள் மறைஞ்சுடும்மா. அதுக்கப்புறம் ஒண்ணும் கெடையாது. யாரும் எழுதல."

அம்மா வெறும் புல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஓரத்தில் புகை எழும்பியது.

"அது என்ன?"

"விமானம்."

"அதுல யாராச்சும் இருந்தாங்களா?"

சின்னவள் படத்தைப் பின்னால் ஓட்டி, விமானத்தின் உள்ளே காட்டினாள். இருக்கை போன பிறகு முன்னால் ஒரு பெரிய ஓட்டை. பின்னால் இரண்டு வரிசையாகப் பன்னிரண்டு பேர். ஒரே ஒரு ஆளைச் செய்து, பிரதி எடுத்துப் பிரதி எடுத்து அவள் உட்கார வைத்தது. எல்லாருக்கும் ஒரே முகம், பெல்ட்டு, மடியில் கை. விமானம் சரிந்தபோது பன்னிரண்டு தலையும் ஒன்றாக ஓட்டையின் பக்கம் திரும்பின. ஆட்டத்துக்கு ஏற்பத் தலை திரும்ப வேண்டும் என்று அவள்தான் எழுதியிருந்தாள். அதை இவ்வளவு கிட்டத்தில் அவளே பார்த்ததில்லை.

"அக்கா சொன்னாம்மா" என்றாள். குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "லீவுல வந்தப்போ. குதிக்க மாட்டோம்னு. பின்னாடி ஆள் இருக்காங்க, நான் எந்திரிச்சுப் போயிட்டா அவங்க யாரைப் போய்க் கேப்பாங்கன்னு."

"சொன்னாளா?"

"சாப்பிட என்ன இருக்குன்னு கேட்டுக்கிட்டே சொன்னா."

அம்மாவின் முகம் கோணியது. "எனக்கு யார் இருந்தாலும் வேண்டாம்டி. பின்னாடி நூறு பேர் இருக்கட்டும். எனக்கு எம்புள்ள வேணும்" என்றாள். வாயைப் புடவையால் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல், உடம்பு குலுங்க அழுதாள். சின்னவளுக்கும் அப்போதுதான் வந்தது. நாற்காலியிலிருந்து இறங்கி அம்மாவின் முட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்கள் என்று தெரியாது. கணினி பாட்டுக்கு விசிறி சத்தத்தைப் போட்டுக்கொண்டே இருந்தது.

அம்மாதான் முதலில் மூக்கைத் துடைத்தாள்.

"ஒன்னாலதான்னு நெனச்சுக்கிட்டா இத்தனை நாளும் கதவச் சாத்திட்டுக் கெடந்தே?"

சின்னவள் தலையசைத்தாள்.

"பைத்தியம்" என்றாள் அம்மா. "நானும் அப்படித்தான் கெடந்தேன். அன்னிக்குக் காலைல ஃபோன் பண்ணா. ஆளுங்க வரிசைல நிக்கிறாங்கடி, அப்புறம் பேசறேன்னு வச்சுட்டேன்."

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

சின்னவள் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்து ஃபைலைத் திறந்தாள்.

"என்ன பண்றே?"

"எடுக்கறேன்ம்மா."

அம்மா வேண்டாம் என்று சொல்வாள் என்று ஒரு நொடி நிறுத்திப் பார்த்தாள். அம்மா அந்த மூன்று வரியை ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை சின்னவள் கண்ணை மூடவில்லை.

"அவ எங்க உக்காருவா?"

"வலது பக்கம்."

"இப்ப எறக்கு. அவ எறக்குற மாதிரி எறக்கு."

தட்டான் எழும்பியது. ஒரு சுற்றுச் சுற்றி வந்து, விசிறிகள் நிமிர்ந்து, புல்வெளிக்கு மேலே அந்தரத்தில் நின்றது. சின்னவள் கையை மெல்லத் தளர்த்தினாள். அவசரமே கூடாது. உயரம் காட்டும் முள் ஊர்ந்தது. விமானம் லேசாக ஒரு பக்கம் ஆடியது. அம்மாவின் கை மறுபடியும் தோளில் இறுகியது. சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு, கொஞ்சம் தூக்கி, நிறுத்தி, திரும்ப இறக்கினாள். அவளுக்குத் தெரியாமலே உதடு முணுமுணுக்கத் தொடங்கியிருந்தது.

"மூச்ச இழுத்துப் புடிங்க... அசையாதீங்க..."

"என்னது அது?"

"அக்கா சொல்றதும்மா. ஒவ்வொரு தடவை எறக்கும்போதும் இதைத்தான் சொல்வாளாம். நீ சொல்ற மாதிரியே."

தோளில் இருந்த கை அசையாமல் நின்றது. பின்னால் அம்மாவின் மூச்சும் நின்றது. புல் கிட்டே வந்தது. விசிறிக் காற்றில் படுத்தது. பின்னால் பன்னிரண்டு பேர், மடியில் கை வைத்து, ஒரே முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சக்கரம் தொட்டது. அப்புறம் இன்னொன்று. தட்டான் தன் எடையெல்லாம் தரையில் வைத்து அமர்ந்தது.

சின்னவள் காத்திருந்தாள். இன்னும் ஒரே ஒரு சொல் மிச்சமிருந்தது. அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"விடுங்க" என்றாள் அம்மா. ஆஸ்பத்திரியில் சொல்கிற அதே குரலில், திரையில் வலப்பக்கம் இருந்த இருக்கையைப் பார்த்து. "அவ்வளவுதான். மூச்ச விடு சாமி."